கேட்டவருக்கு விடை சொன்னோமா?

(நம் பங்கின் பொன்விழாத் தொடக்க நாள் மாலை, திருப்பலிக்குப் பின் நடைபெற்ற கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓடு வேய்ந்த ஒரு சிறு சாவடியில், விரல்விட்டு எண்ணத்தக்க சில குடும்பங்கள் கூடிச் செபமாலை சொல்லத் தொடங்கின. தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்பைத் தேடிப் பனியன் கம்பெனிகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் அவை. கையில் ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் மாதாவின் படம் ஒன்று. இவ்வளவுதான் அவர்கள் கொண்டுவந்த சொத்து. இன்று இந்த ஆலய முற்றம் நிறைந்திருக்கிறது. இதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.

விழா ஆண்டில் கணக்குப் பார்ப்பது வழக்கம். நாமும் பார்த்தோம். பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, திருமணப் பதிவேடு இருக்கிறது, இறந்தோர் பதிவேடு இருக்கிறது. கோபுரத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கும் பைசா தவறாமல் இருக்கிறது. ஆனால் இந்த ஐம்பது ஆண்டுகளில், நம்மிடம் வந்து “நீங்கள் நம்புகிறவர் யார்?” என்று கேட்ட அயலாருக்கு நாம் என்ன விடை சொன்னோம் என்பதற்கு மட்டும் ஒரு பதிவேடும் இல்லை. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம். விழா நாளில் மகிழ்ச்சியாக வேறு எதையாவது பேசியிருக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லாமல் விழாக் கொண்டாட நமக்கு மனம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஒரு சனிக்கிழமை இரவு, சம்பளம் பட்டுவாடாவாகிக் கம்பெனிகள் விடும் நேரம். அயர்ன் மாஸ்டர் ஒருவர் நம் அறை வாசலில் வந்து நின்றார். காங்கேயம் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர் அல்லர். “சாமிங்க, ஒண்ணு கேக்கோணும்ங்க. எங்க கம்பெனியில பவர் டேபிள் அடிக்கிற அக்கா ஒருத்தங்க உங்க கோயிலுக்கு வர்றவங்க. அவங்க வீட்டுக்காரர் லாரி மோதிச் செத்துப் போனாருங்க. பதினாறாம் நாள் வேலைக்கு வந்தவங்க, அந்த டிரைவர் பையனை ஒரு வார்த்தை திட்டலைங்க. அவனுக்காகவும் செபம் பண்ணுறேன்னு சொல்றாங்க. அது எப்படி முடியும்னு கேட்டேன். எனக்குச் சொல்லத் தெரியாதுங்கண்ணா, எங்க சாமியாரைப் போய்க் கேளுங்கன்னு அனுப்புனாங்க” என்றார்.

அந்த மாதம் நம் பங்கில் ஒரு கலக்கம் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு லைன் வீட்டில் நடந்த குடும்பச் செபத்தை நிறுத்தி, மதம் மாற்றுகிறீர்களா என்று சிலர் சத்தமிட்டார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். விசாரணை வந்தது, குற்றம் ஒன்றும் இல்லை என்று முடிந்தது. ஆனாலும் வீட்டுக்காரர் அந்தக் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருப்போம் என்று பங்குப் பேரவையில் நாமே சொன்னோம். அந்தப் பயம் மனத்தில் இருந்ததால், வாசலில் நின்றவரை யாரோ அனுப்பி ஆழம் பார்க்கிறார்களோ என்றுகூட ஐயுற்றோம். “இப்போது நேரமில்லை, இன்னொரு நாள் வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம்.

அவர் மீண்டும் வரவில்லை. பிறகு விசாரித்தபோது, வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்றார்கள். அந்தக் கம்பெனியில் கேட்டபோது, ஊருக்கே போய்விட்டார் என்றார்கள். அந்தச் சகோதரி சாட்சியம் சொன்னார். குருவாகிய நாம் வாய்மூடிக்கொண்டோம். குருமடத்தில் பல ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் படித்த நாம், ஓர் அயர்ன் மாஸ்டரின் கேள்விக்கு முன் தோற்றுப்போனோம். இதை உங்கள் முன் ஒத்துக்கொள்வது நம் கடமை.

அன்பார்ந்தவர்களே, நற்செய்தியை அறிவிக்க வேண்டும் என்பது ஆண்டவர் விண்ணகம் செல்லுமுன் இட்ட கட்டளை. மத்தேயு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அந்த மலைமேல் நின்ற பதினொருவரில் சிலர் ஐயப்பட்டார்கள் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஐயம் நீங்கிய பிறகு போங்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. ஐயப்பட்டவர்களையும் சேர்த்தே அனுப்பினார். அப்போஸ்தலர் பணி நான்காம் அதிகாரத்தில் இராயப்பரும் அருளப்பரும் தலைமைச் சங்கத்தின் முன் நிறுத்தப்படுகிறார்கள். இனி இந்தப் பெயரைச் சொல்லிப் பேசக்கூடாது என்று தடை விதிக்கப்படுகிறது. தாங்கள் கண்டதையும் கேட்டதையும் சொல்லாமல் இருக்கத் தங்களால் முடியாது என்பதே அவர்கள் பதிலின் சாரம். அவர்கள் சங்கத்தாரை வசைபாடவில்லை, மிரட்டவில்லை. ஆனால் வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

இதெல்லாம் அப்போஸ்தலர்களுக்கும் குருக்களுக்கும் உரியது, கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கும் எங்களுக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக நம் தமிழ் மண்ணின் ஒரு மகனை உங்கள் முன் நிறுத்துகிறோம். குருவும் அல்லர், துறவியும் அல்லர். மணமானவர், சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அவர்தாம் புனித தேவசகாயம்.

இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் அரச பணியாளராக இருந்தார். 1741-ல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அதன் தளபதிகளில் ஒருவரான டிலனாய் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படையைப் பயிற்றும் பணியில் அமர்த்தப்பட்டார். வேலையின் பொருட்டு நீலகண்டனுக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. அந்நாளில் நீலகண்டனுக்குக் கால்நடைச் சேதமும் பொருள் நட்டமும் அடுத்தடுத்து வந்தன. வாடிய முகத்தோடு வேலைக்கு வந்தவரைப் பார்த்து டிலனாய், என்ன துக்கம் என்று கேட்டார். கேட்டறிந்த பின் யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும் இறைவனை விடாத மனிதனின் கதை அது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். நம் நாட்டின் முதல் பொதுநிலைப் புனிதருக்கு நற்செய்தி எப்படி வந்தது? மேடைப் பிரசங்கத்தால் வரவில்லை, வாதத்தால் வரவில்லை. வேலை செய்யும் இடத்தில், உடன் வேலை செய்தவரின் வாயிலாக, துக்கம் விசாரித்த ஒரு நேரத்தில் வந்தது. சொன்னவர் யார்? போரில் தோற்றுச் சிறைப்பட்ட ஓர் அந்நியர். மன்னரின் பணியாளரிடம் மதம் பேசினால் தம் தலை என்னாகுமோ என்று அவர் அஞ்சியிருக்கலாம். அஞ்சி மௌனமாக இருந்திருந்தால் நமக்குத் தேவசகாயம் இல்லை.

1745-ல் நெல்லைச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில், சேசு சபைக் குரு புத்தாரி அடிகளின் கையால் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் கொண்டு தேவசகாயம் என்று பெயரிடப்பட்டார். அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். அவர் முதலில் விசுவாசத்தைப் பகிர்ந்தது தம் வீட்டில்தான்.

அதன் பின் அவர் செய்தது என்ன? உயர்குலத்தவர் என்று எண்ணப்பட்ட அவர், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாக அமர்ந்தார், உண்டார், பழகினார். எல்லாரும் ஒரே தந்தையின் மக்கள் என்றார். அன்றைய சமுதாயத்தில் இதைக் காட்டிலும் பெரிய கலகம் வேறில்லை. அவர்மேல் பல குற்றங்கள் சாட்டப்பட்டன. எந்தக் குற்றச்சாட்டு முதன்மையானது என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1749-ல் அவர் சிறைப்பட்டார். எருமையின் மேல் பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராக இழிவுபடுத்தி நடத்தியதையும், அடித்ததையும் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பெருவிளையில் மரத்தோடு சேர்த்துச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த காலத்தில், அவரைப் பார்க்க வந்தவர்களுக்கு அவரே ஆறுதல் சொல்லி அனுப்பினாராம். கை கட்டப்பட்டது, கால் கட்டப்பட்டது. விசுவாசத்தைப் பகிர்வதை யாராலும் கட்ட முடியவில்லை. 1752 ஜனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எலும்புகள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2012-ல் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் பிரான்சிசால் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயர் விடப்பட்டு, தேவசகாயம் என்றே அழைக்கப்பட்டார் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

எதிர்ப்பு என்றதும் வெளியே இருந்து வருவதையே நாம் நினைக்கிறோம். ஆனால் உள்ளே இருந்து வரும் எதிர்ப்பு ஒன்று உண்டு, அதுவே கொடியது. வடக்கன்குளத்தை மீண்டும் எடுத்துக்கொள்வோம். சமமாக அமர்ந்ததற்காக உயிர் கொடுத்தவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், 1872-ல் கட்டப்பட்ட ஆலயத்தில் ஒரு சாதியார் ஒரு பக்கமும் மற்றவர் மறு பக்கமும் இருக்கும்படி இரண்டு பகுதிகள் அமைக்கப்பட்டன. ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவே பிரிவு! 1910-ல்தான் அந்தப் பிரிவு இடித்து அகற்றப்பட்டது. அதுவும் பெரும் எதிர்ப்புக்கு இடையில் நடந்தது. தேவசகாயத்தை எதிர்த்தவர்கள் அவரது விசுவாசத்தில் பங்கு கொள்ளாதவர்கள். இந்த இடிப்பை எதிர்த்தவர்களோ ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

இது தென்கோடியில் நடந்தது, நம் கொங்கு நாட்டில் இல்லை என்று ஆறுதல் அடையாதீர்கள். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லாத கருமத்தம்பட்டிக்கு ஆண்டுதோறும் செபமாலை அன்னையின் திருவிழாவுக்குப் போகிறீர்கள். அங்கேதான் 1846 அக்டோபர் 4-ஆம் நாள் பிரெசிலாக் ஆண்டகை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிரெஞ்சு நாட்டவர், கோவை மறைத்தளத்தின் முதல் ஆயர். இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாகி இந்த மக்களை நடத்த வேண்டும் என்பது அவருடைய பெருங்கனவு. ஆனால் சாதி வழக்கங்களை எந்த அளவுக்கு ஏற்பது என்பதில் குருக்களிடையே எழுந்த பூசல் அவர் மனச்சாட்சியை அரித்தது. 1855-ல் பொறுப்பிலிருந்து விலகினார். விலகியவர் வீட்டில் போய் உட்காரவில்லை. 1856 டிசம்பர் 8-ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859-ல் சியரா லியோனின் பிரீடவுன் துறைமுகத்தில் இறங்கி, சில வாரங்களுக்குள் கொள்ளை நோய்க்குப் பலியானார். நம் மண்ணில் கால் பதித்து நடந்தவரின் கல்லறைக்குப் பின்னும் அவர் தொடங்கிய சபை ஆப்பிரிக்காவில் உழைத்து வருகிறது. அவரை வருத்தியது புறத்தார் எதிர்ப்பு அல்ல, அகத்தே இருந்த பிரிவினை.

இப்போது நம் பங்கைப் பார்ப்போம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நம் ஊர்க் கம்பெனிகளுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுள் கத்தோலிக்கர் உண்டு. ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் கடைசித் தூணுக்கு அப்பால், செருப்பு விடும் இடத்தருகே சிலர் நிற்பதை நாம் பீடத்திலிருந்து பார்க்கிறோம். அவர்களுள் ஒரு தம்பி ஆறு மாதம் வந்து போன பிறகே, எந்த ஊர் என்று நாம் கேட்டோம். கந்தமால் என்றான்.

கந்தமால்! அந்தப் பெயரை நீங்கள் மறந்திருக்க முடியாது. 2007 டிசம்பரிலும் 2008 ஆகஸ்டிலும் அந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் மேல் நடந்த வன்முறையில் ஆலயங்களும் வீடுகளும் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன, குடும்பங்கள் காடுகளில் ஒளிந்தன. அங்கே விசுவாசத்துக்காக உயிர் துறந்த காந்தேஸ்வர் டிகாலுக்கும் அவர் தோழர்கள் 34 பேருக்கும் புனிதர் பட்ட விசாரணை தொடங்க 2023-ல் உரோமை இசைவு தந்தது. அந்த மண்ணிலிருந்து வந்த ஒரு தம்பி நம் ஆலய வாசலில் ஆறு மாதம் நின்றான். யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. இந்திக்காரன் என்று ஒதுங்கிப் போனோம். வேதசாட்சிகளின் உறவினரை வாசலில் நிறுத்திவிட்டு, வேதசாட்சிகளின் திருவிழாவைக் கொண்டாடுவது தகுமா? உடன் விசுவாசியையே உட்கார வைக்காதவர்கள், அயலாரிடம் போய் எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று சொன்னால் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

வெளியே இருந்து வரும் எதிர்ப்பைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். நம்மை எதிர்ப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். தங்கள் பிள்ளை தங்களை விட்டுப் போய்விடுவானோ, குலதெய்வக் கோயிலுக்கு வராமல் போவானோ என்ற பெற்றோரின் அச்சம் இயல்பானது. நோய் தீரும், கடன் தீரும், வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டி மதம் பேசுகிறவர்களைக் கண்டு அவர்கள் கோபப்படுவதிலும் நியாயம் உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கும் நன்னெறிக்கும் மக்கள் நலவாழ்வுக்கும் உட்பட்டு, ஒரு மதத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பரப்புவது என்றால் எடுத்து விளக்குவது. மற்றவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்தில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் இருக்கின்றன.

சட்டம் இருக்கட்டும், நம் திருச்சபை சொல்வது என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-ஆம் நாள், ஒரே நாளில் வெளியிட்ட ஏடுகளுள் இரண்டைப் பாருங்கள். ஒன்று மறைபரப்பைப் பற்றியது. திருச்சபை தன் இயல்பிலேயே அனுப்பப்பட்ட சபை என்கிறது. மற்றொன்று சமய சுதந்திரத்தைப் பற்றியது. விசுவாசத்துக்குள் எவரையும் வலிந்து இழுக்கக் கூடாது என்கிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்பவன் முரடனாவான். மற்றதை மட்டும் பிடித்துக்கொள்பவன் ஊமையாவான். இரண்டையும் ஒன்றாகப் பிடிப்பவனே கிறிஸ்தவன்.

ஆகையால் நம் பங்கில் உள்ள முதலாளிகளுக்கும் காண்ட்ராக்ட்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் வேலை பார்ப்பவர், சம்பளத்துக்கு அஞ்சி உங்கள் செபத்துக்கு வந்து நிற்கக் கூடாது. அது விசுவாசத்தைப் பகிர்வது ஆகாது. நீங்கள் சொல்ல வேண்டிய முதல் பிரசங்கம் சனிக்கிழமை மாலை குறைவில்லாமல் கொடுக்கும் கூலிதான். ஷிப்மெண்ட் அவசரம் என்று ஒன்றரை ஷிப்ட் வேலை வாங்கிவிட்டு, கணக்கில் ஒரு ஷிப்டை எழுதுகிறவர் கம்பெனிச் சுவரில் எத்தனை பெரிய திரு இருதயப் படம் மாட்டினாலும், தொழிலாளி படிப்பது படத்தை அல்ல, சம்பளக் கவரை.

தொழிலாளத் தோழர்களுக்கும் சகோதரிகளுக்கும் மூன்று காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, பக்கத்து டேபிளில் இருப்பவரின் துக்கத்தைக் கேளுங்கள். டிலனாய் அதைத்தான் செய்தார். கடன், குடிகார வீட்டுக்காரர், படிப்பை நிறுத்திய பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாரம் இருக்கிறது. டீ நேரத்தில் கேட்கும் ஒரு நல்ல வார்த்தைக்கு யாரும் தடை போட முடியாது. அவர் நம் மதத்துக்கு வர வேண்டும் என்பதற்காகக் கேட்காதீர்கள். அவர் உங்கள் சகோதரர் என்பதற்காகக் கேளுங்கள்.

இரண்டாவது, கேட்டால் மறைக்காதீர்கள். நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்கு விடை சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருக்கும்படியும், அதைப் பணிவோடும் மரியாதையோடும் சொல்லும்படியும் இராயப்பர் தம் முதல் நிருபத்தில் கற்பிக்கிறார். பெரிய விளக்கம் வேண்டியதில்லை. உங்கள் துன்பத்தில் ஆண்டவர் உங்களுக்கு என்னவாக இருந்தார் என்பதைச் சொன்னால் போதும். சொல்லத் தெரியாவிட்டால், அந்தச் சகோதரி செய்ததுபோல் குருவிடம் அனுப்புங்கள். இனிமேல் கதவு திறந்திருக்கும். இது நம் வாக்கு. வருகிறவர் ஞானஸ்நானம் கேட்டால் அவசரப்பட மாட்டோம். திருச்சபை முறைப்படி காலம் எடுத்து, மனத் தெளிவு கண்டு, அவர் சுதந்திரமாகக் கேட்கிறார் என்று உறுதி செய்த பிறகே ஆவன செய்வோம். ஒன்றும் கேட்காமல், கேள்விக்கு விடை மட்டும் பெற்றுக்கொண்டு வணங்கிப் போனாலும் அவர் நமக்கு விருந்தினரே.

மூன்றாவது, எதிர்த்தால் திருப்பி அடிக்காதீர்கள், ஓடவும் செய்யாதீர்கள். நம் ஊர்க்காரர் ஒருவரே இதை உலகுக்குக் காட்டியிருக்கிறார். இரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள நினைவகத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறீர்கள். 1932 ஜனவரி 10-ஆம் நாள், தடையை மீறி ஊர்வலம் போன குமரனின் மண்டை உடைய அடித்தார்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை; கொடியையும் விடவில்லை. மறுநாள் உயிர் விட்டார். நாட்டுக்காக அவர் காட்டிய உறுதியும் சாந்தமும் ஆண்டவருக்காக நம்மிடம் இல்லையென்றால், இந்த ஊரில் வாழ நமக்கு என்ன தகுதி?

குடும்பச் செபங்களை நிறுத்தும்படி அன்று நாம் சொன்னதை இன்று இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறோம். நிறுத்த வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டாம்; தெருவை மறிக்க வேண்டாம்; அண்டை வீட்டில் குழந்தை தூங்கும் நேரம், பரீட்சைக்குப் படிக்கும் நேரம் பார்த்து அடக்கமாக நடத்துங்கள். கதவைத் திறந்து வைத்தே நடத்துங்கள். நாம் மறைவாகச் செய்கிறோம் என்ற ஐயம் பிறருக்கு வரக் கூடாது. வீட்டை இழந்த அந்தக் குடும்பத்துக்கு அன்று நம்மில் யாரும் ஒரு அறை கொடுக்கவில்லை. இருபது நாள் உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்கி, பிறகு தாமாகவே ஒரு வீடு பார்த்துக்கொண்டார்கள். இனி ஒரு குடும்பத்துக்கு அப்படி நேர்ந்தால், மாற்று வீடு கிடைக்கும் வரையில் இந்தப் பங்குமனையின் மாடி அறை அவர்களுக்கு உரியது. பங்குப் பேரவையும் இதற்கு இசைந்திருக்கிறது.

வாசலில் நின்ற அந்தக் கந்தமால் தம்பி இப்போது இரண்டாம் திருப்பலியில் முன்வரிசையில் அமர்கிறான். இந்தப் பொன்விழா ஆண்டு முதல் மாதம் ஒரு ஞாயிறு மாலை இந்தியில் திருப்பலி நடத்த ஏற்பாடு செய்திருக்கிறோம். அன்று தமிழ்க் குடும்பங்களும் வந்து அவர்களோடு அமர வேண்டும். மொழி புரியவில்லை என்று சொல்லாதீர்கள். அவன் ஆறு மாதம் நம் மொழியில் திருப்பலி கண்டான். திருப்பலிக்குப் பின் ஒரே பந்தியில் உணவு. முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று இருக்காது.

அந்த அயர்ன் மாஸ்டரை நாம் மறக்கவில்லை. சனிக்கிழமை இரவுகளில் அறை வாசலில் காலடி கேட்டால் அவராக இருக்குமோ என்று எழுந்து பார்க்கிறோம். காங்கேயம் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் உங்களில் யாராவது அவரைக் கண்டால், சாமியார் மன்னிப்புக் கேட்கிறார், கேட்ட கேள்விக்கு விடை வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அவர் வர வேண்டியதுகூட இல்லை. நாம் போகத் தயார். ஒருவேளை அவரை நாம் இனிப் பார்க்காமலே போகலாம். ஆனால் அவரைப் போன்ற ஒருவர் நாளைக் காலை உங்கள் கம்பெனியில், உங்கள் பக்கத்து டேபிளில் உட்கார்ந்திருப்பார். அவரை இன்னொரு நாள் வாங்க என்று அனுப்பிவிடாதீர்கள்.

நாம் வைத்திராத அந்தப் பதிவேட்டை ஆண்டவர் வைத்திருக்கிறார். இனி வரும் ஆண்டுகளுக்கான பக்கங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. புனித தேவசகாயமும் செபமாலை அன்னையும் நமக்காகப் பரிந்து பேசுவார்களாக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவி உங்களையும் உங்கள் குடும்பங்களையும், உங்களோடு உழைக்கும் எல்லா மதத்துச் சகோதர சகோதரிகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் அன்புள்ள
பங்குத் தந்தை